ஆன்லைனில் பி.ஜி. சேரப் போறீங்களா? தூத்துக்குடி மாணவர்கள் பணம் கட்டும் முன்னும், முதல் மாதத்திலும் கவனிக்க வேண்டியது என்ன?

துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து காலையில் வீட்டுக்கு வரும் ஒருவரால், பத்து மணிக்குத் திருநெல்வேலியில் ஒரு வகுப்பில் போய் உட்கார முடியாது. விசைப்படகில் அதிகாலை கிளம்பி இரவு கரை திரும்புகிறவருக்கும் அதே கதைதான். கல்யாணமாகி பெரியதாழையிலோ வேம்பாரிலோ இருக்கும் பி.காம். முடித்த பெண்ணுக்கு, தினமும் பஸ் ஏறி தூத்துக்குடி டவுனுக்கு வந்து எம்.காம். படிப்பது பல வீடுகளில் பேச்சுக்கே வராத விஷயம்.

இவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் இருந்த வழி 'கரஸ்'. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-ல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியதில் இருந்து, தென் மாவட்டங்களில் 'கரஸ்ல படிச்சேன்' என்று சொல்லாத குடும்பம் குறைவு. புத்தகம் பார்சலில் வரும், வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை. இடையில் என்ன படித்தோம், எப்போது படித்தோம் என்று கேட்க ஆள் இல்லை.

இப்போது அந்த இடத்துக்கு ஆன்லைன் முதுநிலைப் படிப்பு வந்திருக்கிறது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ., எம்.காம்., எம்.ஏ. என்று விளம்பரங்கள் போனைத் திறந்தாலே கொட்டுகின்றன. 'வீட்டில் இருந்தே படிங்க, வேலையை விட வேண்டாம்' என்பது அவற்றின் பல்லவி. அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பட்டம் பின்னால் செல்லுமா, செல்லாதா என்பது பெரும்பாலும் முதல் ஃபீஸ் கட்டும் முன்பே முடிவாகிவிடுகிறது. இரண்டு வருஷம் படித்த பிறகு தெரிய வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆன்லைன் பட்டம் சட்டப்படி செல்லுமா?

செல்லும். யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு தொலைநிலை மற்றும் ஆன்லைன் கல்வி விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இந்த முறையில் தரும் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள், கல்லூரிக்குப் போய்ப் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். விதி எண் 22. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதை மறுபடியும் அறிவிப்பாகவே வெளியிட்டது, அந்த அளவுக்குச் சந்தேகம் இருந்தது என்று அர்த்தம்.

இதில் முக்கியமான வார்த்தை 'அங்கீகாரம் பெற்ற'. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போதாது. ஒரு பல்கலைக்கழகம் நூறு வருஷப் பழையதாக இருக்கலாம், நாக் தரமதிப்பீட்டில் நல்ல மதிப்பெண் வைத்திருக்கலாம். ஆனால் அது ஆன்லைனில் நடத்தும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட பருவத்தில் அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொலைநிலைக்கு வாங்கிய அனுமதி ஆன்லைனுக்குப் பொருந்தாது. எம்.காம்.க்கு வாங்கியது எம்.பி.ஏ.வுக்குப் பொருந்தாது. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால் ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலும் வேண்டும்.

இந்தப் பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான 'டெப்' இணையதளத்தில் இருக்கிறது. சேர்க்கை நடப்பது வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரி-பிப்ரவரி ஒன்று, ஜூலை-ஆகஸ்ட் ஒன்று. ஒவ்வொரு பருவத்துக்கும் பட்டியலைப் புதிதாகப் பார்க்க வேண்டும். 'என் அக்கா போன வருஷம் அங்கேதான் சேர்ந்தா' என்பது ஆதாரம் ஆகாது. எந்த நிறுவனங்கள் மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற பட்டியலும் அதே தளத்தில் வருகிறது. அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் பார்க்காமல் சேர்ந்தால் என்ன ஆகிவிடும்?

ஆகியிருக்கிறது. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வை எழுதித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றானது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. பட்டம் வாங்கி, அதை வைத்து வேலையும் வாங்கி, பதவி உயர்வும் பெற்றவர்கள் அதில் இருந்தார்கள். தப்பு செய்தது நிறுவனம், தவித்தது மாணவர்.

அதற்கும் முன்னால், 2009-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட வழக்கு. இளநிலைப் பட்டம் இல்லாமலேயே திறந்தவெளி முறையில் வாங்கிய முதுநிலைப் பட்டத்தை வைத்து அரசு வேலைக்கு வந்த ஒருவரின் நியமனம் உச்ச நீதிமன்றம் வரை போய் நிற்கவில்லை. அதே வருஷம் தமிழ்நாடு அரசும், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. உங்கள் படிப்பில் இந்த வரிசை எங்காவது மாறியிருந்தால், அரசு வேலைக்காக பி.ஜி. சேரும் முன் அதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

எந்தப் படிப்புக்கு ஆன்லைனில் இடமே கிடையாது?

பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், நர்சிங், பிசியோதெரபி, கட்டடக்கலை, சட்டம், விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் போன்றவை யு.ஜி.சி.யின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. பிஎச்.டி.யும் கிடையாது. 'ஆன்லைன் பிஎச்.டி.' என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்தே 2022 அக்டோபரில் எச்சரித்தன.

புதிதாகச் சேர்ந்த தடை உளவியல். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்தில் இருந்து உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், பயோடெக்னாலஜி ஆகியவற்றை உடல்நலத் துறைப் படிப்புகளாகக் கணக்கில் எடுத்து, ஆன்லைனிலும் தொலைநிலையிலும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எம்.எஸ்சி. சைக்காலஜி ஆன்லைன் என்ற பழைய விளம்பரம் இன்னும் உங்கள் போனில் சுற்றிக்கொண்டிருக்கலாம், ஏமாந்துவிடாதீர்கள்.

ஐ.ஐ.டி.கள் தனிச் சட்டத்தின் கீழ் வருபவை. சென்னை ஐ.ஐ.டி. வேலையில் இருக்கும் இன்ஜினியர்களுக்கு இணைய வழி எம்.டெக். நடத்துவது அதனால்தான் சாத்தியம். மற்றவர்கள் 'நாங்களும் எம்.டெக். ஆன்லைன்ல தர்றோம்' என்று சொன்னால் கேள்வி கேளுங்கள்.

டெப் ஐ.டி. என்றால் என்ன? பெயரில் ஏன் சிக்கல் வருகிறது?

2024-25 கல்வியாண்டில் இருந்து, ஆன்லைன் அல்லது தொலைநிலையில் சேரும் இந்திய மாணவர் ஒவ்வொருவரும் டெப் ஐ.டி. எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் சேர்க்கை கிடையாது. அதை எடுக்க முதலில் ஏ.பி.சி. ஐ.டி. வேண்டும். அது உங்கள் கிரெடிட் மதிப்பெண்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு, டிஜிலாக்கரில் ஆதாரை வைத்து எடுக்கலாம். அந்த எண்ணோடு டெப் தளத்துக்குப் போய் விவரங்களைக் கொடுத்தால் டெப் ஐ.டி. வரும். பிறகுதான் பல்கலைக்கழக விண்ணப்பம்.

சொல்லும்போது பத்து நிமிஷ வேலை. நம்ம ஊரில் இது இழுக்கும் இடம் பெயர். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். கடற்கரை ஊர்களில் இன்னொரு கூடுதல் வம்பு உண்டு. போர்த்துகீசியர் காலத்தில் இருந்து வரும் குடும்பப் பெயர்கள் கோயில் பதிவில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி எழுதப்பட்டிருக்கும். பர்னாந்து என்று ஒன்றில், பெர்னாண்டோ என்று மற்றொன்றில். ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள்.

ஆதாரில் திருத்தம் செய்வது கடைசித் தேதிக்கு முந்தின நாள் நடக்கிற காரியம் இல்லை. சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கும்போதே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி சர்டிபிகேட், ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த ஐ.டி.யை நீங்களே எடுங்கள். பிரவுசிங் சென்டரிலோ, 'நாங்க பார்த்துக்கிறோம்' என்கிற ஏஜென்ட்டிடமோ ஓ.டி.பி. சொல்லி எடுக்க வைத்தால், அதில் யாருடைய மொபைல் எண், யாருடைய மெயில் இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

'கவுன்சலர்' போனில் அழைக்கிறார், என்ன செய்வது?

ஏதாவது ஒரு தளத்தில் ஒரே ஒரு தடவை போன் நம்பரைக் கொடுத்துப் பாருங்கள், அன்று சாயங்காலத்துக்குள் நாலு பேர் 'கவுன்சலர்' என்று கூப்பிடுவார்கள். அவர்களில் பலர் பல்கலைக்கழக ஊழியர்கள் இல்லை. சேர்க்கைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனத்தின் ஆட்கள். அவர்கள் தகவல் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஃபிரான்சைஸ் கொடுத்துப் படிப்பை நடத்த யு.ஜி.சி. விதியில் இடமில்லை. பணம் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில், அதன் கணக்குக்கே போக வேண்டும். தனிநபரின் ஜிபே நம்பருக்கு 'சீட் பிளாக்கிங்' என்று ஐயாயிரம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்று சொல்வதையும் கவனியுங்கள். பல இடங்களில் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் போடும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். பள்ளிக் குழந்தைகளின் பெற்றோரை மனதில் வைத்து மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரில் எட்-டெக் நிறுவனங்கள் பற்றி ஒரு அறிவுரை வெளியிட்டது. கணக்கில் இருந்து தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுக்காதீர்கள், என்ன ஒப்பந்தம் என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்றது அது. பி.ஜி. மாணவருக்கும் அப்படியே பொருந்தும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் பட்டங்கள் இன்னொரு ரகம். யு.ஜி.சி. ஏற்காத கூட்டுப் பட்டங்கள் பற்றி 2023 டிசம்பரில் எச்சரிக்கை வந்திருக்கிறது.

அரசு வேலைக்காகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று

தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் இருந்து அந்த வேலைக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரைக்கும் முழுக்கத் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அதைக் கேட்க முடியும். டிகிரி போதும் என்கிற வேலைக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் முதுநிலைப் பட்டமே தகுதியாக இருக்கும் வேலைக்கு, ஆங்கில வழி ஆன்லைன் பி.ஜி.யைக் காட்டினால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகும். ஒன்றாம் வகுப்பில் இருந்து தமிழில் படித்து வந்த பிள்ளை கடைசி இரண்டு வருஷத்தில் அதை இழப்பது கொடுமை. ஆன்லைன் பி.ஜி.யில் பெரும்பாலானவை ஆங்கில வழி என்பதால் இதை யாரும் தனியாகச் சொல்வதும் இல்லை.

தனியார் கம்பெனியைப் பொறுத்தவரை சட்டப்படி சமம் என்பது ஒரு பக்கம், இன்டர்வியூவில் என்ன மதிப்பு என்பது இன்னொரு பக்கம். எந்த முறையில் படித்தீர்கள் என்பது சான்றிதழிலேயே தெரியும். ஷிப்பிங் ஆபீஸிலோ கன்டெய்னர் யார்டிலோ ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒருவர் எம்.பி.ஏ. முடித்தால் அது அனுபவத்தோடு சேர்ந்து பேசும். அனுபவமே இல்லாமல் பட்டத்தை மட்டும் நம்பிச் சேர்கிறவர்களுக்கு அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்பது நம் கணிப்பு.

வேறு ஒரு படிப்பில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: கல்லூரியில் ஒரு பட்டமும் ஆன்லைனில் ஒரு பட்டமும் ஒரே நேரத்தில் படிக்க 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. வழி விட்டிருக்கிறது.

சேர்ந்தாச்சு. முதல் மாதத்தில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும், ஆபத்தும் அங்கேதான். லாகின் வரும், பல்கலைக்கழக மெயில் ஐ.டி. வரும், அறிமுக வகுப்பு ஒன்று நடக்கும். வீடியோ பாடம், படிக்கும் பக்கங்கள், கேள்வி கேட்கும் இடம், சுயதேர்வு என்று நான்கு பகுதிகள் திரையில் இருக்கும். லைவ் வகுப்பு பெரும்பாலும் சாயங்காலமோ சனி, ஞாயிறோ வரும். 'ரெக்கார்டிங் இருக்கே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று முதல் வாரம் தோன்றும். மூன்றாவது வாரத்தில் பன்னிரண்டு ரெக்கார்டிங் சேர்ந்திருக்கும்.

கணக்கு இதுதான். தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு வருஷம் 40 கிரெடிட், 1,200 மணி நேர உழைப்பு. அதாவது ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட், 600 மணி நேரம். வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. 26 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 23 மணி நேரம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். 'கரஸ்' மாதிரி கடைசி மாதம் கைடு வாங்கிப் படித்துத் தேறிவிடலாம் என்று இருப்பவர்கள் இந்த எண்ணை ஒரு பேப்பரில் எழுதி, தங்கள் ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டுவது நல்லது.

போனிலேயே முடித்துவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீடியோ பார்க்கலாம், மெட்டீரியல் வாசிக்கலாம். பத்துப் பக்க அசைன்மென்ட்டை போனில் டைப் பண்ணிப் பாருங்கள், தெரியும். கேமரா கண்காணிப்போடு நடக்கும் ஆன்லைன் பரீட்சைகளுக்குப் பெரும்பாலும் லேப்டாப் கேட்பார்கள். பரீட்சையை வீட்டில் இருந்து எழுதலாமா, சென்டருக்குப் போக வேண்டுமா, சென்டர் என்றால் எந்த ஊர் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்டர் சென்னை என்றால், 'வீட்டில் இருந்தே' என்ற விளம்பரத்தில் பாதி போச்சு.

முத்துக்குளிக்கப் போகிறவரின் கயிற்றை மேலே வள்ளத்தில் இருந்து பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று இந்தக் கரையில் ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி வாழ்க்கையை நினைத்து கயிற்றை விடமாட்டான் என்பது அதன் கணக்கு. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கவில்லை, ஆனால் பேச்சு இருக்கிறது. ஆன்லைன் மாணவருக்கும் வீட்டில் அப்படி ஒரு ஆள் வேண்டும். ராத்திரி எட்டு முதல் பத்து வரை கூப்பிடாமல், கதவைச் சாத்திக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர். குறிப்பாகப் பெண்களுக்கு. வீட்டில் இருந்து படிப்பது என்றால் வீட்டு வேலைக்கு நடுவில் படிப்பது என்றுதான் பல வீடுகளில் புரிந்துகொள்கிறார்கள்.

கலெக்டர் லீவு விட்டாலும் உங்களுக்கு லீவு இல்லை

இது தூத்துக்குடிக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்பது இங்கே யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கரன்ட் இல்லை, டவர் இல்லை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. தென் மாவட்டங்களில் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள்.

உள்ளூர்க் கல்லூரியில் படித்தால் அந்த விடுமுறை தானாகக் கிடைக்கும். பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கும் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டருக்கு ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் வந்தது தெரியாது. அசைன்மென்ட் நேரம் முடிந்தால் கதவு மூடிக்கொள்ளும். ஜூலையில் சேர்கிறவர்களுக்கு முதல் செமஸ்டரின் பின்பாதி அப்படியே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழுகிறது. அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாணவர் உதவி மையத்துக்கு ஒரு மெயில் போடுங்கள்: இயற்கைப் பேரிடரில் அசைன்மென்ட்டோ பரீட்சையோ தவறினால் மறுவாய்ப்பு உண்டா, யாருக்கு எழுத வேண்டும், என்ன ஆதாரம் வேண்டும்? பதிலைச் சேமித்து வையுங்கள். மெட்டீரியலை அக்டோபருக்குள் டவுன்லோடு பண்ணி வைத்துவிடுங்கள்.

மீன்பிடித் தொழிலில் இருக்கும் குடும்பங்களுக்குக் காலண்டர் வேறு மாதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படிக்க நேரம் கிடைக்கிற மாதங்கள் அவைதான், கையில் காசு இல்லாத மாதங்களும் அவைதான். தடை முடிந்த கையோடு ஜூலைப் பருவ ஃபீஸ் வந்து நிற்கும். அப்படிப்பட்ட வீடுகளுக்கு, தடைக்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும் ஜனவரி-பிப்ரவரி சேர்க்கை கொஞ்சம் வசதி. உப்பளத்தில் நேர்மாறு. உற்பத்தி ஏறக்குறைய ஜனவரியில் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரை ஓடுவதால், ஜூலையில் சேர்ந்தால் செமஸ்டர் முடியும் மாதங்களில் வேலை குறைந்திருக்கும். ஆனால் கூலியும் அப்போது குறைந்திருக்கும், அடுத்த செமஸ்டர் ஃபீஸை முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

யு.ஜி.சி. விதிப்படி செமஸ்டர் முடிவுப் பரீட்சைக்குக் குறைந்தது 70 சதவீதம், இடையில் நடக்கும் அசைன்மென்ட், வினாடி வினா போன்றவற்றுக்கு அதிகபட்சம் 30 சதவீதம். புதிதாகச் சேர்கிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த முப்பதில்தான். முதல் அசைன்மென்ட்டின் கடைசித் தேதி எப்போது என்று லாகின் வந்த அன்றைக்கே பார்த்து, போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.